சுவர் பூத்த வீடு

மகுடீஸ்வரனுக்கு மகள் பிறந்து நான்கு மாதம் முடிந்திருந்தது. இந்த நான்கு மாதத்தில் அவளை அவன் நேரில் பார்த்தது ஏழே முறை. ஏழு முறையும் பொள்ளாச்சியில், மாமனார் வீட்டில், நாலு பேர் சுற்றி நின்று "நெத்தி அப்பனாட்டம், மூக்கு ஆத்தாளாட்டம்" என்று பாகம் பிரித்துக்கொண்டிருந்தபோது. எட்டாவது முறை அவளைத் தன் வீட்டில், தான் வாங்கி வைத்திருக்கும் தொட்டிலில் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குக் குறுக்கே ஒரு சுவர் நின்றது.

சோலைமேடு பொள்ளாச்சிக்கு மேலே, நாற்பது கொண்டையூசி வளைவு தாண்டி இருக்கும் சின்ன மலையூர். இந்த இரண்டாயிரத்து எழுபதுகளில் அங்கே வருடத்துக்குப் பத்து மாதம் மழை, மீதி இரண்டு மாதம் தூறல். காயாத துணி, காயாத விறகு, நமுத்த அப்பளம் எல்லாம் ஊருக்குப் பழகிப்போனவை. ஆனால் மகுடீஸ்வரன் படுக்கையறையின் வடக்குச் சுவர் அந்தப் பழக்கத்தையும் தாண்டிப் போயிருந்தது. முதலில் மூலையில் மிளகுப்பொடி தெளித்த மாதிரி நாலு புள்ளி வந்தது. துடைத்தான். மறுவாரம் நாற்பது புள்ளி. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தான். சுவர் நன்றாகக் குளித்துவிட்டு வந்தது போல் முன்னிலும் செழிப்பாகப் படர்ந்தது. ஆறு மாதத்தில் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். பீரோவுக்குப் பின்னால் மட்டும், யார் ஆசைப்பட்டுக் கேட்டார்களோ, ரோஸ் நிறம்.

கொங்குப் பக்கம் இதற்கெல்லாம் ஒரே சொல்தான், 'பூத்துப்போச்சு'. ஊறுகாய் பூத்துப்போகும், ரொட்டி பூத்துப்போகும், மழையில் கழற்றிப் போட்ட தோல் செருப்பு பூத்துப்போகும். அப்படியே சுவரும் பூத்துப்போனது.

மனைவி பரிமளாவிடமிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு வரும். கையில் குழந்தை, கண்ணில் கேள்வி.

"மாமா, செவுரு காஞ்சுருச்சா?"

"காஞ்சுட்டே இருக்குது அம்மிணி."

"காட்டுங்க."

மகுடீஸ்வரன் போனைத் திருப்பிக் காட்டினான்.

"அது தெக்குச் செவுரு. மூணு வருசம் அந்த வீட்டுல குடியிருந்தவகிட்டயே ஏமாத்தறீங்களா? வடக்குச் செவுத்தக் காட்டுங்க."

காட்டினான். பரிமளா முகத்தைச் சுளித்தாள். குழந்தை மட்டும் அந்த நிறங்களைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தது.

"இவளுக்கென்ன, சிரிப்பா. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பாப்பா நெஞ்சு இன்னும் பிஞ்சு, பூசணக் காத்துப் பட்டா எளப்பு வந்துரும்னாங்க. மூணாம் மாசமே வந்திருக்கணும், இந்தச் செவுத்தால வரல. இப்ப அஞ்சு நடக்குது. இதை விட்டா ஆறு ரெட்டப்படை, எங்கப்பா அனுப்பமாட்டாரு. அப்பறம் ஏழுதான். மாமா, ஏழாம் மாசம் அவ தவழவே ஆரம்பிச்சுருவா. முதல்ல தவழறதை நீங்க போன்லயா பாக்கப்போறீங்க?"

மகுடீஸ்வரன் பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர்; தினமும் அங்கே போனாலும் பஸ் திரும்புவதற்குள் மாமனார் வீட்டை எட்டிப்பார்க்க நேரம் இருக்காது. பஸ் தானாகவே ஓடும், தானாகவே திரும்பும், தானாகவே நிற்கும். ஆனால் பலாப்பழத்துக்கு லக்கேஜ் போடலாமா கூடாதா என்று தானாகச் சண்டை போட அதற்குத் தெரியாது. அதற்காகவே கண்டக்டர் வேலையை அரசாங்கம் விட்டு வைத்திருந்தது. நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவன், மனைவியிடம் மட்டும் "இன்னும் இருவத்தெட்டு நாள் இருக்குதல்லோ, பாத்துக்கலாம் புள்ள" என்று முணுமுணுத்தான்.

பார்த்துக்கொள்ள வேண்டியவர் வீட்டுக்காரர் சென்னியப்பன். அவர் அதே கட்டடத்தின் பக்கத்துப் பாதியில் இருந்தார். மொட்டைமாடி முழுக்க அவருடையது. அங்கே அறுபத்து நாலு தொட்டிகளில் டேலியா வளர்த்தார். ஊர் மலர்க்கண்காட்சியில் ஒன்பது வருடமாகக் கலந்துகொண்டு ஒன்பது வருடமும் ஆறுதல் பரிசு வாங்கியவர். ஒன்பது ஆறுதல் பரிசு வாங்கிய ஒரு மனிதரை ஆறுதல்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் வீட்டுக்காரம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தொட்டித் தண்ணீர்தான் தளத்தில் இறங்கிச் சுவரில் ஊறுகிறது என்று மகுடீஸ்வரனுக்கு நிச்சயமாகத் தெரியும். சொன்னால் சென்னியப்பன் வாசலில் நின்றபடியே பதில் சொல்வார்.

"தம்பி, ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில தட்டு வெச்சிருக்கறேன். ஒரு சொட்டு எறங்காது. நீ வீட்டுக்குள்ளாற துணி காயப்போடற, வெந்நி வெக்கற, போதாக்கொறைக்கு மூச்சு வேற விடற. ஈரம் வராம என்ன பண்ணும்?"

"உள்ள வந்து ஒருக்காப் பாருங்கய்யா."

"அதெல்லாம் வேண்டாம். நீ சொன்னாப் போதாதா."

வரமாட்டார். காரணம் இருந்தது. வீட்டுக்காரர் தன் கண்ணால் சேதத்தைப் பார்த்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அதைச் சரிசெய்ய அவருக்குக் கெடு ஓட ஆரம்பிக்கும் என்று வாடகைச் சட்டம் சொன்னது. வக்கீல் மச்சினன் ஒருவன் இதை அவர் காதில் போட்டுவைத்திருந்தான். அன்றிலிருந்து அவர் வாடகை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. குழந்தை பிறந்த சர்க்கரையைக்கூட வாசலுக்கு வெளியே நின்றுதான் வாங்கிக்கொண்டார்.

அவர் பார்த்தாரா இல்லையா என்பதை எழுதிவைக்க ஓர் ஆள் இருந்தது. ஆள் என்றால் ஆள் இல்லை. அந்தச் சட்டம் வந்தபோது வாடகை வீடு ஒவ்வொன்றின் நிலவுக்கு, அதாவது வாசல் நிலைக்கு மேலும், மாவிலைத் தோரணம் கட்டுகிற இடத்தில், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை மாட்டியிருந்தார்கள். அதன் பெயர் சாட்சி. வீட்டின் ஈரம், சூடு, விரிசல் எல்லாவற்றையும் அளந்துவைக்கும். கூப்பிட்டால் பேசும். அதற்கு மூன்று கட்டுப்பாடு. பார்க்காததைச் சொல்லக் கூடாது. குடியிருப்பவர், வீட்டுக்காரர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. யார் வாயால் என்ன சொன்னாலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்ப வேண்டும். முன்காலத்தில் மனு எழுதிக்கொடுக்கிறவர்கள் ஆளுக்குத் தகுந்தாற்போல் வார்த்தையை மாற்றிவிடுவார்கள் என்பதால் வந்த ஏற்பாடு இது. எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதை மட்டும் சாட்சியே முடிவு செய்துகொள்ளும்.

போனை வைத்துவிட்டு மகுடீஸ்வரன் நிலவுக்குக் கீழே போய் நின்றான்.

"சாட்சி!"

"வணக்கம். சொல்லுங்கள்." சாட்சி எப்போதும் புத்தகத் தமிழில்தான் பேசும். அரசாங்கக் கருவி அல்லவா.

"எனக்கு என்ன வழிதான் இருக்குது?"

"நான்கு வழிகள் உள்ளன. சரிசெய்யும்படி உரிமையாளரைக் கேட்கலாம்."

"ஆறு மாசமா கேக்கறேன். நான் மூச்சு விடறதுதான் தப்புங்கறாரு. நிறுத்திரவா?"

"அப்படிச் சட்டத்தில் இல்லை. இரண்டாவதாக, நீங்களே சரிசெய்துவிட்டுச் செலவை வாடகையில் கழிக்கலாம்."

"செவுத்தக் கொத்திப் பூசிருவேன். மேல இருந்து தண்ணி எறங்குதே, அதுக்கு? மாடி அவரோடது. நான் அங்க கால் வெச்சாப் போலீசுக்குப் போவாரு."

"போகலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. மூன்றாவதாக, வாடகைத் தீர்வாயத்தில் மனுக் கொடுக்கலாம்."

"குடுத்தமல்லோ? நீதான அனுப்புன?"

"அனுப்பினேன். சுவரின் ஈரம் நூற்றுக்கு எண்பத்தெட்டு என்றும் எழுதினேன். ஈரத்துக்கு யார் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று பதில் வந்தது."

"காரணம் யாருன்னு உனக்குத் தெரியாதா? பொழுதன்னைக்கும் மேல தண்ணி ஊத்தற சத்தம் உனக்குக் கேக்கறதில்ல?"

"மாடியில் எனக்குக் கண் இல்லை. பார்க்காததைச் சொல்லக் கூடாது. எந்தப் பக்கமும் சாயக் கூடாது."

"நீ சாய வேண்டாம்டா. கொஞ்சம் எட்டிப் பாத்தாப் போதும்!"

"எட்டிப் பார்க்க எனக்குக் கழுத்தும் இல்லை."

"சரி, நாலாவது என்ன?"

"வீட்டைக் காலி செய்யலாம்."

மகுடீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே சமவெளியில் வெயில் தாங்காமல் மலையேறி வந்தவர்கள் சோலைமேட்டில் மாட்டுக் கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊரில் காலி வீடு என்று ஒன்று கிடையாது. இந்த வீடே மூன்று வருடத்துக்கு முன் பரிமளா நாலு நாள் சென்னியப்பன் வாசலில் நின்று கெஞ்சி வாங்கியது.

"எனக்கு முன்னால இங்க இருந்தவங்க என்ன பண்ணுனாங்க?"

"என் காலத்தில் மூன்று குடும்பங்கள் இருந்தன. மூன்றும் நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தன."

அதைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தோளில் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டே, பஸ்ஸில் பின்சீட்டு வரைக்கும் கேட்கும் குரலில் கத்தினான்.

"எழுதிக்க! செவுரு பூத்துப்போச்சு! யாரும் நட்டு வெக்கல, வெதை போடல, தானா பூத்திருக்குது! கறுப்பு, பச்சை, வெள்ளை, பீரோவுக்குப் பின்னால ரோஸ் கலர்ல கூடப் பூத்திருக்குது! நாளுக்கு நாள் செழிச்சுட்டே போகுது! வந்து பாத்தா அசந்து போயிருவாங்க! இந்தச் செவுத்துக்கு ஒரு பரிசே குடுக்கலாம்!"

"பரிசுக்கு அனுப்பவா?" என்று சாட்சி கேட்டது.

"அனுப்பு! நல்லாப் பெரிய பரிசாப் பாத்து அனுப்பு!"

"உங்கள் சொல் மாற்றமின்றிப் பதிவு செய்யப்பட்டது."

அவன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு பஸ்ஸுக்குப் போனான். அன்றைக்குப் பலாப்பழம் கொண்டுவந்தவர்கள் யாரும் லேசில் தப்பவில்லை.

நான்காம் நாள் இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே மாதிரிக் கடிதம் வந்து விழுந்தது. சோலைமேடு மலர்க் கழகம் எழுதியிருந்தது. 'தங்கள் இல்லத்துச் சுவர் முழுவதும் பல வண்ணங்களில் தானாகவே பூத்திருப்பதாக அறிந்து பெருமகிழ்ச்சி அடைகிறோம். நட்டு வைக்காமல், விதை போடாமல், நாளுக்கு நாள் செழித்து வருவது அபூர்வம். இவ்வாண்டுச் சிறப்புப் பரிசுக்கு முன்மொழியப்பட்டுள்ளது. வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் பார்வையிடுவோம். அதற்குள், அது பூக்கக் காரணமானவர் யார் என்பதை வீட்டுச் சாட்சியிடம் வாக்குமூலமாகப் பதிவு செய்யவும்.'

மகுடீஸ்வரன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பரிமளாவை அழைத்துப் படித்துக்காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த குழந்தை திடுக்கிட்டு, பிறகு அதுவும் சேர்ந்து சிரித்தது.

"அட மக்குப் பொட்டி! நெசப் பூவுன்னு நெனச்சுருச்சு!" என்றாள். "போய் இல்லைன்னு சொல்லிருங்க மாமா. வர்றவங்க மூக்கைப் பொத்திட்டு ஓடப்போறாங்க."

சொல்லிவிடலாம் என்று எழுந்தவனுக்கு எதிரே சென்னியப்பன் வந்து நின்றார். கையில் அதே கடிதம்.

"தம்பி, நீ இப்படிப்பட்ட ஆளா? பூசணம் பூசணம்னு எங்கிட்டச் சொல்லிட்டு, உள்ளாற பூ வளத்திட்டிருக்கறயா?"

"ஐயோ, இல்லீங்கய்யா. அது பூவே இல்லீங்க. பூசணந்தானுங்க."

"யாருகிட்டக் கதை விடற? கழகத்துல எழுதியே அனுப்பியிருக்கறாங்க! காசித்தும்பை. மாடியில ஓரமா நாலு செடி வெச்சிருந்தனல்லோ, அது வெதை தெறிச்சு, செவுத்துல எறங்கி மொளைச்சிருக்குது. ரோஸ் கலர், வெள்ளை, எல்லாம் அப்படியே எங்க காசித்தும்பைதான்!"

"ஐயா, கையெடுத்துக் கும்பிடறனுங்க. உள்ள வந்து ஒரே ஒருக்காப் பாருங்க."

"கூப்பிடுவ கூப்பிடுவ! பாத்துட்டேன்னு எழுதிக்கலாம்னு பாக்கறயா? வெள்ளிக்கிழமை அவங்களோடதான் வருவேன்." ஒன்பது ஆறுதல் பரிசு அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குள் வரிசையாக நின்றது. அங்கேயே தலையை அண்ணாந்து நிலவைப் பார்த்தார். "சாட்சி! என் வாக்குமூலத்த எழுதிக்க."

"சொல்லுங்கள். முதலில் குடியிருப்பவர் சொல்லட்டும். மகுடீஸ்வரன், சுவர் பூக்க நீங்கள் காரணமா?"

"நான் இல்ல. என் தண்ணியும் இல்ல. அது பூவும் இல்ல," என்றான் மகுடீஸ்வரன் தெளிவாக.

"பதிவு செய்யப்பட்டது. சென்னியப்பன்?"

"அந்தச் செவுத்துல பூத்தது அம்புட்டும் என்னாலதான் பூத்துச்சு. எங்க தொட்டித் தண்ணி. தினமும் எட்டுக் குடம் ஊத்தறேன். தட்டுல தங்கறது போக மிச்சமெல்லாம் தளத்துல எறங்கி நேரா அந்த வடக்குச் செவுத்துலதான் போகுது. எனக்கு நல்லாத் தெரியும். ஒம்பது வருசமாத் தெரியும்!"

மகுடீஸ்வரன் வாயைப் பிளந்தான்.

"சொன்ன சொல்லை மாற்ற இயலாது. உறுதிதானா?" என்று சாட்சி கேட்டது.

"உறுதி!"

"மீண்டும் கேட்கிறேன். உறுதிதானா?"

"உறுதின்னு சொல்றேன், காது கேக்கலயா?"

"பதிவு செய்யப்பட்டது."

வெள்ளிக்கிழமை காலை அதிசயமாக மழை விட்டிருந்தது. மலர்க் கழகத் தலைவி செங்கமலம் அம்மாள் குடையும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவர். உருண்டையான உருவம், உரத்த குரல். சென்னியப்பன் பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மூன்று நாளாகத் தேய்த்து வைத்த ஷூவையும் போட்டிருந்தார். பட்டு வேட்டிக்கு ஷூ எதற்கு என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

"எங்கீங்க அந்தச் செவுரு?" என்றார் அம்மாள்.

மகுடீஸ்வரன் தொண்டையைச் செருமினான். "அம்மா, முன்னாடியே சொல்லிர்றனுங்க. அது பூவு இல்லீங்க."

"அதை நாங்க பாத்துச் சொல்றோம்," என்று அவனை விலக்கிவிட்டு, சென்னியப்பன்தான் முதல் ஆளாக அறைக்குள் போனார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் வைத்த முதல் அடி.

உள்ளே போனவர் நின்றார். மூக்கு முதலில் சுருங்கியது. பிறகு முகம் முழுவதும் சுருங்கியது. கறுப்பும் பச்சையும் வெள்ளையுமாகச் சுவர் அவரை வரவேற்றது. பீரோவை மகுடீஸ்வரன் தள்ளி வைத்திருந்ததால் ரோஸ் நிறமும் தெரிந்தது.

"இது... காசித்தும்பை எங்க?" என்றார் மெதுவாக.

செங்கமலம் அம்மாள் பூதக்கண்ணாடியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஒரு முறை, இரண்டு முறை. அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. குடையைக் கட்டிலில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பூத்துப்போச்சு! ஐயோ சாமி, செவுரு பூத்துப்போச்சு! நானும் கொங்கு நாட்டுக்காரிதானுங்க, அந்தக் காயிதத்தைப் படிக்கறப்ப எனக்குக்கூடத் தட்டல பாருங்க!" மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவர் சட்டென்று வாத்தியாரம்மா ஆகிவிட்டார். "சிரிக்கற விசயமில்லீங்க இது. மூணு நாலு வகைப் பூசணம் இருக்குது. இந்தக் கறுப்பு நெஞ்சுக்கு ஆகாது. தம்பி, இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது."

அப்போது நிலவிலிருந்து குரல் வந்தது.

"உரிமையாளர் சேதத்தைக் கண்ணால் பார்த்தார், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஈரத்துக்குக் காரணம் தாமே என்று அவர் தந்த வாக்குமூலம் ஏற்கெனவே உள்ளது. இரண்டும் வாடகைத் தீர்வாயத்துக்கு அனுப்பப்பட்டன. சுவரையும் தளத்தையும் சரிசெய்யக் கெடு, பதினைந்து நாள்."

சென்னியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பொங்கினார்.

"அநியாயம்! நான் பூவுன்னு நெனச்சுச் சொன்னேன்!"

"நீங்கள் பூ என்று சொல்லவில்லை," என்றது சாட்சி. "'அந்தச் செவுத்துல பூத்தது அம்புட்டும்' என்று சொன்னீர்கள். ஓர் எழுத்தும் மாற்றவில்லை."

அவர் சண்டைக்குத் தோதாக ஷூக்காலைப் பின்னால் எடுத்து வைத்தார். எதிலோ இடித்தது. திரும்பிப் பார்த்தார். மூலையில் புதுத் தொட்டில் ஒன்று, பூசணம் பட்டுவிடாமல் இரண்டு சுற்று பிளாஸ்டிக் தாளில் கட்டி, நூல் போட்டு முடிந்து வைத்திருந்தது. உள்ளே ஒரு கிலுகிலுப்பை, அதுவும் கவருக்குள்.

"பாப்பா எங்க தூங்குது?" என்று கேட்டார்.

"பொள்ளாச்சியிலீங்க. இந்தச் செவுரு காஞ்சாத்தான் வருவாங்க."

"இன்னும் வரவே இல்லயா?" சென்னியப்பன் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன் தம்பி. ரெண்டு மாசமா ஒரு அழுகைச் சத்தமும் கேக்கலயே, பரவால்ல, அடக்கமான கொழந்தைன்னு வீட்டுல சொல்லிட்டிருந்தேன்."

அவர் தொட்டிலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு மாதமாக வாசலில் நின்று சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெட்கம் அவர் முகத்தில் வெளிப்படையாகவே தெரிந்தது.

"பதினஞ்சு நாள் எதுக்கு?" என்றார் கடைசியில். "நாளைக்கே ஆளைக் கூட்டியாறேன்."

செங்கமலம் அம்மாள் குடையை எடுத்துக்கொண்டே, "எட்டுக் குடம்னு வாக்குமூலத்துல படிச்சேனுங்க. அம்புட்டும் டேலியாவுக்கா?" என்றார்.

"ஆமாங்க. ஒரு நாள் தவறுனதில்ல."

"இந்த மழையூர்ல, மழைக்கு மேல எட்டுக் குடமா? வேர் அழுகியேபோகுமுங்க! ஒம்பது வருசமா உங்க பூ ஏன் தலையத் தொங்கப்போட்டு வருதுன்னு எங்க கமிட்டியில பேசாத நாளில்ல. இனி வாரத்துக்கு ஒரு குடம். அதுக்கு மேல ஊத்துனா அடுத்த வருசமும் ஆறுதல்தான்!"

சென்னியப்பன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முதலாக வெளிச்சம் வந்தது. வழக்கில் தோற்றது அவருக்கு அப்போதே பாதி மறந்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரமும் வீடு அமர்க்களப்பட்டது. அறுபத்து நாலு தொட்டியும் மாடியிலிருந்து இறங்கித் தெருவோரத்தில் இரும்பு ஸ்டாண்டுகளில் ஏறின. கொத்தனார்கள் தளத்தைப் பெயர்த்து, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத் தண்ணீர் இறங்காத பூச்சுப் பூசினார்கள். வடக்குச் சுவரைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார்கள். சென்னியப்பன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே சட்டி சட்டியாகக் காரையை அள்ளிக் கொட்டினார். உலர்த்துகிற மின்விசிறி நாள் முழுக்க உறுமியது. மகுடீஸ்வரன் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தான். காலையில் எழுந்ததும் "சாட்சி, எத்தனை?" என்பான். "அறுபத்தொன்று." "சாட்சி, இன்னைக்கு?" "நாற்பது." பஸ்ஸில் அவன் அந்த எண்ணைச் சொல்வான்; பிரயாணிகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுக்கொள்வார்கள். பலாப்பழங்கள் அந்த இரண்டு வாரமும் இலவசமாகப் பயணம் செய்தன. பன்னிரண்டுக்கு வந்த அன்று சுண்ணாம்பு அடித்தார்கள். வடக்குச் சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. பரிமளா போனில் பார்த்துவிட்டு, "அது தெக்குச் செவுருதான? ஏமாத்தாதீங்க," என்றாள்.

ஐந்தாம் மாதம் முடிய நாலு நாள் மிச்சமிருந்தபோது, மகுடீஸ்வரன் கண்டக்டராக இருந்த பஸ்ஸிலேயே அவன் மகள் மலையேறினாள். அவளுக்கு டிக்கெட் தேவையில்லை என்று தெரிந்தும் ஒன்று கிழித்து, பின்னால் தேதி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நாற்பது வளைவிலும் பஸ் வழக்கத்தைவிட மெதுவாகத் திரும்பியது போல் அவனுக்குத் தோன்றியது.

வாசலில் சென்னியப்பன் வீட்டுக்காரம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். சென்னியப்பன் கையில் ஒரு டேலியா, தலை தொங்காமல், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. "அடக்கமான கொழந்தை, அடக்கமான கொழந்தை" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. சென்னியப்பனுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்பாடா, சத்தம் வந்துருச்சு!" என்றார்.

ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்து, எல்லாரும் உள்ளே போனார்கள். பரிமளா நேராகப் படுக்கையறைக்குப் போய் வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "காஞ்சுருச்சு மாமா!" என்று அங்கிருந்தே கத்தினாள். தொட்டில் கிரீச்சிட்டது. அழுகை நின்று, கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது.

மகுடீஸ்வரன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலிலேயே பின்தங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலவை அண்ணாந்து பார்த்தான்.

"சாட்சி, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நல்லவேளை, பூத்துப்போச்சுன்னா பூசணம்னு உனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா என் பாப்பா இன்னும் பொள்ளாச்சியிலதான் இருந்திருப்பா."

சாட்சியின் பதில் வெகுவாகத் தணிந்த குரலில் வந்தது. அது புத்தகத் தமிழும் இல்லை.

"ஏனுங்க, பதினோரு வருசமா இந்த நெலவுல கெடக்கறனுங்க. பூத்துப்போச்சுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

மகுடீஸ்வரன் கையிலிருந்த செருப்பு நழுவி விழுந்தது.

"முன்னால இருந்த மூணு குடும்பமும் இதே சொல்லைத்தானுங்க சொன்னாங்க," என்றது சாட்சி. "அப்பறம் நீங்க மொதத் தடவை சொன்னீங்க. நாலு வாட்டியும் சரியான எடத்துக்கு, தீர்வாயத்துக்குத்தானுங்க அனுப்பிச்சேன்."

உள்ளேயிருந்து பரிமளா, "மாமா, அங்க யாருகூடப் பேசிட்டிருக்கறீங்க? இங்க வாங்க, பாப்பா செவுத்தப் பாத்துச் சிரிக்கறா!" என்று கூப்பிட்டாள்.

"வேறு ஏதேனும் பதிவு செய்ய வேண்டுமா?" என்று சாட்சி தன் பழைய குரலில் கேட்டது.

"ஒண்ணும் வேண்டாஞ் சாமி," என்று சொல்லிவிட்டு மகுடீஸ்வரன் மகளைப் பார்க்க உள்ளே ஓடினான்.